ஏசி பொருத்தும் அந்த இரண்டு மணி நேரம்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கயத்தாறு வட்டாரத்தில் செம்புக் குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் விரையும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்தவர்கள். முன்பு தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் போன கைகள் இப்போது ஏசி வேலைக்கும் போகின்றன. சிலர் தொழிற்பயிற்சி நிலையத்தில் முறையாகப் படித்தவர்கள். பலர் ஒரு மெக்கானிக்கிடம் உதவியாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்.

ஒரு ஏசி நன்றாக உழைப்பதும், ஆபத்தில்லாமல் இருப்பதும் பெரும்பாலும் அதைச் சுவரில் பொருத்தும் இரண்டு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நம் அறிவியல் பாடநூலில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வெப்பத்தையும் மின்னோட்டவியலையும் இந்த வேலையின் வழியாக நடத்திப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கும் வெப்ப இயக்கவியலில் குளிர்பதனப் பெட்டி வரும் இடத்தில் இது உதவும்.

முதலில் ஒரு கேள்வி. "ஏசியில் குளிர் எங்கிருந்து வருகிறது?" வகுப்பில் பாதிப் பேர், "மெஷினு குளிரத் தயாரிக்குது சார்" என்பார்கள். ஏசி எதையும் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. மண்பானையிலிருந்து தொடங்கினால் இது எளிதில் பிடிபடும். பானையின் மேற்பரப்பில் கசிந்த நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏசியின் குழாய்க்குள் நீருக்குப் பதிலாக 'கேஸ்' என்று கடைத்தெருவில் சொல்லப்படும் குளிர்பொருள் ஓடுகிறது. பானையில் ஆவியான நீர் போனது போனதுதான். ஏசியிலோ, அறைக்குள் ஆவியான பொருளைக் கம்ப்ரஸர் அழுத்தி, வெளியே உள்ள பெட்டியில் மீண்டும் திரவமாக்குகிறது. அங்கே அது, உள்ளே வாங்கிய வெப்பத்தைக் கக்குகிறது.

வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும், நீர் பள்ளத்துக்குப் போவதைப் போல. பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்ற அன்று கமலை, இன்று மோட்டார். வெப்பத்தை மேட்டுக்கு ஏற்றும் இயந்திரத்துக்கு வெப்ப எக்கி என்று பெயர். குளிர்பதனப் பெட்டி, ஏசி இரண்டுமே வெப்ப எக்கிகள்தாம். இதே எக்கியைத் திருப்பிப் பயன்படுத்தினால் வெளிக்குளிரிலிருந்தும் வெப்பத்தை அள்ளி வீட்டைச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு 1852-லேயே எழுதினார். குளிர்நாடுகளில் வீடுகளுக்கு இப்போது பொருத்தப்படுவது அதுதான். கமலை இறைத்த கதையை வீட்டில் தாத்தா ஆச்சியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அடுத்த நாள் வகுப்பு தானாக நடக்கும்.

'ஒரு டன் ஏசி' என்பது பெட்டியின் எடை என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பமே அந்த அளவு. பனிக்கட்டியின் உருகுதல் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 334 கிலோஜூல். இரண்டையும் பெருக்கி 86,400 வினாடிகளால் வகுத்தால் சுமார் 3.5 கிலோவாட் வரும். அப்படியானால் ஒன்றரை டன் ஏசி வினாடிக்கு ஏறத்தாழ 5.3 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதற்கு மின்சாரம் 1.5 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், செயல்திறன் குணகம் 3.5. வெளிப்பெட்டி கக்குவது இரண்டின் கூடுதல், 6.8 கிலோவாட். இந்தக் கடைசி எண்ணைக் கரும்பலகையில் அழிக்காமல் வைத்திருங்கள். பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு அதுதான் விடை.

ஏழு மின்அடுப்புகளுக்குச் சமமான வெப்பத்தைக் கொட்டும் பெட்டியை அடைத்த பால்கனியிலோ, திருட்டுக்குப் பயந்து நெருக்கமான கம்பிக்கூண்டிலோ வைத்தால், அது கொட்டிய சூட்டையே திரும்ப உறிஞ்சும். எங்கள் ஊருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வைகாசி முதல் ஆவணி வரை மேல்காற்று. கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். மேற்குச் சுவரில், மேற்கே பார்த்து வைத்த பெட்டியின் விசிறி அந்தக் காற்றை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டும். மாலை வெயிலும் அதன்மேல்தான் விழும். வடக்குச் சுவர் கிடைத்தால் நல்லது. காற்றாடிகள் ஆனி மாதம் எந்தத் திசையை நோக்கி நிற்கின்றன என்று கேட்டால், எங்கள் பிள்ளைகள் சன்னலைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள்.

பெட்டியைத் தரையில் வைப்பதானாலும் கரிசலை மறக்கக் கூடாது. இந்த மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கரிசல் மேல் நேரடியாகப் போட்ட சிறு கான்கிரீட் பலகை இரண்டு பருவத்தில் சாய்ந்துவிடும். பெட்டி சாய்ந்தால் செம்புக் குழாய் இழுபடும், இணைப்பு தளரும், கேஸ் கசியும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்பிப் பலகை போடலாம். இல்லையேல் உறுதியான சுவரில் இரும்புத் தாங்கி பொருத்த வேண்டும். கைப்பிடிச் சுவர் அதற்கு ஆகாது.

குழாய் வேலையில் மெக்கானிக்குகள் பலர் தாண்டிப் போகும் படி ஒன்று உண்டு. குழாய்களை இணைத்தபின், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிட எக்கியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். காற்று இப்படி ஓரளவுதான் வெளியேறும், ஈரம் குழாய்ச் சுவரில் ஒட்டியே இருக்கும். நாளடைவில் அது எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகிக் கம்ப்ரஸரை அரிக்கும். வெற்றிட எக்கி ஈரத்தை எப்படி எடுக்கிறது? 30 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவி அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். குழாய்க்குள் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் அறை வெப்பநிலையிலேயே நீர் கொதித்து ஆவியாகிவிடும்.

இதை வகுப்பில் காட்டப் பத்து ரூபாய் போதும். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் சுமார் 70 டிகிரி சூட்டில் 2 மி.லி. நீரை எடுத்து, காற்றை வெளியேற்றி, முனையை ரப்பர் மூடியால் அடைத்து, தண்டைப் பின்னால் இழுங்கள். நெருப்பில்லாமல் நீர் கொதிக்கும். சுடுநீர் என்பதால் ஆசிரியரே செய்வது நல்லது. கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது என்று எத்தனை முறை எழுதிப் போட்டாலும், இதைப் பார்த்த கண்ணுக்கு ஈடில்லை.

வேதியியலுக்கும் இங்கே இடம் இருக்கிறது. இன்று விற்கும் வீட்டு ஏசிகள் பலவற்றில் ஆர்-32 என்ற குளிர்பொருள். அது டைஃபுளூரோமீத்தேன். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளூரின்: மூலக்கூறு நிறை 52. காற்றின் சராசரி 29. ஆகவே கசிந்தால் தரையோடு தங்கும். முன்பு இருந்த ஆர்-22 ஓசோனைக் கெடுத்ததால் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி விடைபெற்று வருகிறது. ஆர்-32 ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் அதற்குச் சிறிதளவு தீப்பற்றும் தன்மை உண்டு. கேஸ் உள்ள குழாயில் பற்றவைப்பு வேலை செய்யக் கூடாது. கசிவு சந்தேகம் இருந்தால் கதவு, சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பழைய ஏசியில் ஆர்-32-ஐ நிரப்புவதோ, இதில் வேறொன்றைக் கலப்பதோ கூடாது.

கசிவு பார்க்கக் குழாயை அழுத்தத்தில் நிரப்ப நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும். கையில் இருக்கிறதே என்று வெல்டிங் ஆக்சிஜனை நிரப்பினால், கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்து வெடிக்கும். ஏசியைக் கழற்றும்போது கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைப்பார்கள். அப்போது திறந்த குழாய் வழியே காற்றும் உள்ளே போனால், எண்ணெய்யும் காற்றும் சேர்ந்து நசுங்கிச் சூடாகித் தீப்பிடிக்கும். டீசல் என்ஜினில் நடப்பது இதுவே. என்ஜின் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது, கம்ப்ரஸர் அப்படியல்ல.

இனி மின்சாரம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். மின்விசிறிக்குப் போட்ட மெல்லிய கம்பியிலிருந்து இதை இழுத்தால் என்ன ஆகும் என்பதை ஜூலின் வெப்ப விதி சொல்லிவிடும். மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். சிக்கல் பச்சைக் கம்பியில்.

கோவில்பட்டியில் ஒரு மெக்கானிக்கிடம் உதவியாளாக இருக்கும் என் பழைய மாணவன் ஒருநாள் கேட்டான்: "சார், வீட்டுல எர்த்தே இல்லன்னா அந்தப் பச்ச வயர என்ன செய்யன்னு கேட்டேன். சுருட்டி உள்ள வச்சு டேப் அடிச்சிருலேங்காக. எம்.சி.பி. இருக்குல்லா, அது பாத்துக்கிடுமாம். பாத்துக்கிடுமா சார்?"

அவன் கேள்வியைக் கணக்காகவே போடுவோம். மின்கம்பியின் உறை உரிந்து பெட்டியின் உலோகத்தைத் தொடுகிறது. பச்சைக் கம்பி சுருட்டி வைக்கப்பட்டிருந்தால், தொடும் மனிதர்தான் பாதை. ஈரக் கையோடு உடலின் மின்தடையை 1000 ஓம் என்று கொண்டால் 0.23 ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அது போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைக் கண்டுகொள்ளாது. சரி, எர்த் இருக்கிறது, ஆனால் அதன் மின்தடை 100 ஓம். அப்போது 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். இப்போதும் எம்.சி.பி. அசையாது. பெட்டி முழு மின்னழுத்தத்தோடு காத்துக்கொண்டிருக்கும்.

எர்த் குழியின் மின்தடை அவ்வளவு ஏறுமா? கரிசலில் ஏறலாம். ஈரமாக இருக்கும்வரை இந்த மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். கோடையில் வெடிப்பு விட்டால், மண் குழாயை விட்டு விலகி இடையில் காற்று நிற்கும். ஏசி அதிகம் ஓடுவதும் அதே கோடையில். கரியும் உப்பும் இட்டு இரண்டரை மீட்டர் குழாயை ஆழ இறக்குவதும், வெயில் காலத்தில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வேண்டும். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது ஒப்பிடுகிறது. 2.3 ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று பச்சைக் கம்பியை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே மின்சாரம் துண்டிக்கப்படும். இல்லையென்றால் ஒருவர் தொட்டு அதிர்ந்த பின்புதான் துண்டிக்கப்படும்.

இதற்கு ஒரு சோதனை. பிளாஸ்டிக் வாளியில் கரிசல் மண்ணை ஈரமாக நிரப்பி, இரண்டு நீண்ட ஆணிகளை ஒரு சாண் இடைவெளியில் இறக்கி, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாளியை வெயிலில் வைத்து நாள்தோறும் அளக்கச் சொல்லுங்கள். எண் சற்று ஆடிக்கொண்டேதான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படும். மண் வெடித்து ஆணியை விட்டு விலகும் நாளில் அது எங்கே தாவுகிறது என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி மறுபடி அளக்கட்டும். பள்ளியின் உண்மையான எர்த் குழியையோ, மின்பலகையையோ, ஏசியையோ மாணவர்கள் தொட வேண்டாம்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். மாடிச் சுவரில் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைத் தாங்கியபடி ஒருவர் சன்னல் திட்டில் நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இடுப்புப் பட்டையும், உறுதியான தூணில் கட்டிய கயிறும் இல்லாமல் அந்த வேலை இல்லை என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர்களாக இருக்கும்போதும் அதைக் கேட்டு வாங்குங்கள். பத்தாம் வகுப்போடு தொழிலுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனமும் ஏசியும் சார்ந்த இரண்டாண்டுப் படிப்பு இருப்பதையும் இதோடு சொல்லலாம்.

மொத்தம் நான்கு பாடவேளை ஆகும். வாளிச் சோதனையை மட்டும் பள்ளி திறந்த முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். மேல்காற்று மண்ணை வேகமாக உலர்த்தும். மின்னோட்டவியல் பாடத்துக்கு வரும்போது வாளியில் வெடிப்பு விழுந்திருக்கும், குறிப்பேட்டில் எண்களும் சேர்ந்திருக்கும்.