முட்டிவலி அம்மாவும் ஹாட்யாய் அறையும்

கேள்வி: அம்மாவை ஹாட்யாய்க்கு அழைத்துப்போக ஆசை. அவருக்கு முட்டிவலி, என் பட்ஜெட்டோ சின்னது. எந்த மாதிரி ஹோட்டல் பார்க்கலாம்?
— வாசகி, சாஆ, ஜொகூர்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், சகோதரி. ரயில் நிலையத்துக்கு அருகே நிபாட் உதிட் 1, 2, 3 என்று வரிசையாக மூன்று சாலைகள். பழைய, மலிவான ஹோட்டல்கள் அங்கேதான். கிம் யோங் சந்தைக்கு நடந்தே போகலாம்; டுக் டுக் காசு மிச்சம்.

படத்தில் மெத்தையைப் பார்த்து மயங்காதீர்கள், குளியலறையைப் பாருங்கள். பழைய ஹோட்டல்கள் சிலவற்றில் குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துத்தான் குளிக்க வேண்டும். அம்மாவின் முட்டிக்கு அது ஆகாது. தொட்டி இல்லாத அறையா, லிஃப்ட் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சாலையைப் பார்க்காத பின்பக்க அறை கிடைத்தால் தூக்கமும் கிடைக்கும்.

ரயிலில் போவதானால் சிகாமட்டில் இடிஎஸ் ஏறுங்கள்; எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை நேரடி ரயில் அமையாவிட்டால் கேஎல் சென்ட்ரலில் மாறலாம். இரு நாட்டுக் குடிநுழைவும் பாடாங் பெசார் நிலையத்திலேயே முடியும். தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையைப் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்புங்கள். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி.

நம் பள்ளி விடுமுறையும் ஏப்ரல் சொங்கிரானும் வேண்டாம். பாதி மலேசியா அங்கேதான் இருக்கும், வாடகையும் ஏறியிருக்கும். நவம்பர், டிசம்பர் வெள்ளக் காலம்.