குறைமாதக் குழந்தையின் கண்ணைக் காக்க ஓர் எக்செல் பாடம்

மடுகரையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். "இதுல உருப்படியா என்ன தம்பி செய்யலாம்?" என்று கேட்டார். அவர் மகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தது. அவருக்குச் சொல்லித் தந்த பாடம் இது.

குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பின் அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை விலகிப் பார்வை போகலாம். இதற்கு ஆர்.ஓ.பி. என்று பெயர். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்காமல் பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் கண் பரிசோதனை அவசியம். எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள்.

1. ஏ1 கட்டத்தில் பிறந்த தேதியை டைப் செய்யுங்கள். மாதத்தை எண்ணாகப் போடாமல் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்தாகப் போடுங்கள். விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் ஜூலை 4-ஐ ஏப்ரல் 7 ஆக்கிவிடும்!

2. ஏ2 கட்டத்தில் =ஏ1+30 என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கெடு தேதி வரும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் 2, 3 வாரத்திலேயே பார்க்க வேண்டும். 30-க்குப் பதில் 14 போடுங்கள்.

3. தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் வந்தால் பயப்படாதீர்கள். எக்செல் 1900 ஜனவரி 1-இலிருந்து நாட்களை எண்ணுகிறது. பார்மட் செல்ஸ் சென்று டேட் தேர்ந்தெடுங்கள்.

4. ஏ3 முதல், டாக்டர் சொல்லும் அடுத்தடுத்த தேதிகளை எழுதுங்கள். டாக்டர் சொன்ன தேதியே முக்கியம்.

பெங்களூரு நாராயணா நேத்ராலயா 2008-இல் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில், டெக்னீஷியன்கள் வெளியூர் மருத்துவமனைகளுக்கே கேமராவுடன் போய்க் குழந்தையின் விழித்திரையைப் படமெடுத்தார்கள். இன்டர்நெட்டில் வந்த படத்தை டாக்டர் நகரத்திலிருந்தே பார்த்தார்.

நோய் முற்றினால் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி. அதுவும் 2, 3 நாளுக்குள். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்கூட்டியே சிகிச்சை தந்ததால் பார்வை மோசமான கண்கள் 19.5 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தன. ஆனால் சிகிச்சை முடிந்ததென்று பைலை அழித்துவிடாதீர்கள். கிட்டப்பார்வை, மாறுகண் பிறகு வரலாம். ஊசி போட்ட கண்ணில் நோய் சில மாதம் கழித்தும் திரும்பலாம். கண்ணாடி போடத் தாமதித்தால் மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகாது. எனவே பள்ளி செல்லும் வயது வரை பட்டியல் நீளட்டும்.

அக்கா பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டிவிட்டார். நீங்களும் பைலை சேவ் செய்து, ஒரு பிரிண்டை டிஸ்சார்ஜ் சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.