ஊர் என்பது யாது?

“இவ்வூரில் எத்தனை வீடுகள் உள்ளன?” என்னும் கேள்வி மிக எளியதாகவே தோன்றும். திருவேங்கடம் தாலுகாவைச் சேர்ந்த கரிசல் கிராமம் ஒன்றிற்குக் குடிநீர்க் குழாய்த் திட்டம் வகுக்கச் சென்றபோது, இக்கேள்வியை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் தயங்காமல் ஒரு தொகையைக் கூறினார். ஊராட்சிச் செயலரின் பதிவேட்டிலோ அதனினும் மிகுதியான வீடுகள் இருந்தன. இருவரும் பொய் கூறவில்லை. கோயில் கொடைக்கு வரி செலுத்தும் தலைக்கட்டுகளைப் பெரியவர் எண்ணினார். வீட்டு வரி செலுத்துவோரைச் செயலர் எண்ணினார். ஓடைக்கு அப்பால் காலனியில் வாழும் குடும்பங்கள் இரண்டாம் கணக்கில் இருந்தன. முதற் கணக்கில் இல்லை.

அன்று நான் ஒரு பிழை செய்தேன். அதனைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன், ஒரு மக்கள் கூட்டத்தைச் சமுதாயமாக்குவது எது என்பதைப் பற்றி மானிடவியல் அறிஞர்கள் கண்டவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

சொல்லின் இரு பொருள்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. நம்முடைய வட்டார அலுவலகங்கள் அத்திட்டத்தின் வழிவந்தவையே. அங்கே ‘சமுதாயம்’ என்றது ஒரு கிராமத்து மக்கள் அனைவரையும். ஆனால் நம் தெருக்களில் “எங்கள் சமுதாயம்” என்று ஒருவர் கூறினால், அவர் தம் சாதியையே குறிக்கின்றார். ஒரே சொல், அலுவலகத்தில் ஒரு பொருளும் தெருவில் வேறொரு பொருளும் கொண்டு வழங்குகின்றது. நமது பணியில் எழும் இடர்ப்பாடுகள் பல இவ்விரு பொருளின் இடைவெளியில்தான் பிறக்கின்றன.

அறிஞர்கள் கண்டவை

ஆங்கில அதிகாரி மெட்காப் 1830-இல் இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என வருணித்தார். அக்கருத்து நெடுங்காலம் போற்றப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அதனை வன்மையாக மறுத்தார். கிராமத்தினுள்ளே ஒதுக்கப்பட்டவரின் நிலை யாது என்பதே அவருடைய மறுப்பின் உட்பொருள்.

அதே ஆண்டில் மைசூர்ப் பகுதியிலுள்ள ராம்புரா என்னும் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த எம்.என். சீனிவாஸ், சாதிகள் பலவாயினும் கிராமத்திற்கென ஓர் ஒற்றுமை உண்டு என்றார். நிலமும் எண்ணிக்கையும் மிகுந்த சாதியின் ஆதிக்கத்தையும் எடுத்துக்காட்டினார். நம் மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர்களிடையே ஆராய்ச்சி செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் இதனை ஏற்கவில்லை. கிராமம் என்பது மக்கள் வாழும் இடமே. உறவும் உரிமையும் சாதியின் வழியே செல்கின்றன என்று, போக்காக் என்பாருடன் சேர்ந்து 1957-இல் அவர் வாதிட்டார். 1961-62-இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்த வாழ்வை விவரித்தார்.

வாலன்டைன் டேனியல் என்னும் அறிஞர் 1984-இல் வெளியிட்ட நூலில் ‘கிராமம்’, ‘ஊர்’ என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்திக் காட்டினார். கிராமம் என்பது அரசாங்கம் எல்லை வகுத்த நிலப்பரப்பு. ஊர் என்பதோ பேசுபவரைப் பொறுத்து விரியும், சுருங்கும். இதனை நாம் நாள்தோறும் காண்கின்றோம். சென்னையில் வேலை செய்பவர் தம் ஊர் தென்காசிப் பக்கம் என்பார். சங்கரன்கோவிலில் இறங்கியதும் திருவேங்கடம் என்பார். திருவேங்கடம் வந்ததும் தம் சிற்றூரின் பெயரைக் கூறுவார். சிற்றூருக்குள் நுழைந்ததும் தெருவைக் கூறுவார்.

1985-இல் எழுதிய ஆந்தனி கோஹன் என்பார், சமுதாயம் நிலத்தில் அன்று, அதன் மக்கள் மனத்தில் வரைந்துகொள்ளும் எல்லையில் உள்ளது என்றார். மனத்தில் வரைந்த எல்லையை மனத்தாலேயே மாற்றியும் வரையலாம் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பழமையும் புதுமையும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கின்றோம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையை விளக்குகின்றன. பெருமைக்குரியதே. எனினும் அது பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே, அதிலும் 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவரே, தேர்ந்தெடுக்கத் தகுதியுடையர். உழுதவரும் பெண்டிரும் அதில் இலர்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமோ வேறோர் எல்லையை வரைந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தலைக்கட்டு வரி செலுத்துபவரா என்று சட்டம் கேட்பதில்லை. ஆடவரோ பெண்டிரோ, எத்தெருவினரோ, எல்லாரும் ஊர்.

நேர்ந்த பிழை

இப்பொழுது என் பிழைக்கு வருகின்றேன். அவசரத்தில் பெரியவர் கூறிய கணக்கையே கொண்டு குழாய்ப் பாதையை வரையச் செய்தேன். கூட்டத்தையும் கோயில் முன்றிலில் நடத்தினேன். காலனி மக்கள் சிலர் வந்து, தெருமுனையில் நின்றனர், உள்ளே வரவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. ஓடைக் கரையுடன் குழாய் நின்றுவிட்டது வரைபடத்தில்.

கூட்டம் முடிந்து புறப்படுகையில் குடத்துடன் நின்ற மூதாட்டி ஒருவர், “ஐயா, எங்களுக்கும் ஓட்டு இருக்கு, ஊரு மட்டும் இல்லையா?” என்று கேட்டார். மறுமொழி கூற இயலாது நின்றேன்.

அடுத்த கிராம சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. பதிவேட்டின்படி வீடு வீடாகப் பெயர் படிக்கப்பட்டது. பாதை திருத்தி வரையப்பட்டு, ஓடையைக் கடந்து குழாய் சென்றது. கொடைக்கான வரிக் கணக்கு இன்னும் பழையபடியேதான் உள்ளது. அதனை ஓர் அலுவலர் ஆணையிட்டு மாற்ற இயலாது. ஆயினும் இன்று அப்பெரியவரே, குழாயில் நீர் வராத நாளில், இரு பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்தே மனுக் கொண்டுவருகின்றார்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

1. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில், எல்லாரும் தயக்கமின்றி வரத்தக்க பொது இடத்திலேயே கூட்டம் நடைபெறச் செய்க.

2. திட்டத்திற்கு வீடுகளை எண்ணுகையில் வாய்க்கணக்கை ஏற்காது, கடைசித் தெருவிலிருந்து எண்ணத் தொடங்குக.

3. தீர்மானம் நிறைவேறுமுன், “இங்கு வராதவர் யார்? ஏன் வரவில்லை?” என்று ஒருமுறை கேட்டுப் பதிவு செய்க.

கண்மாய் உடைந்தால் வெள்ளம் தலைக்கட்டுப் பார்த்துப் புகுவதில்லை. மழை பொய்த்தாலும் கரிசல் காடு முழுதும் ஒருங்கே வாடுகின்றது. துன்பத்தில் ஒன்றாயிருக்கும் மக்களைக் கணக்கிலும் ஒன்றாக எழுதுவதே ஊராட்சியின் முதற்பணி. நும் ஊரில் எத்தனை வீடுகள் என்று இன்று மாலை ஒருவரைக் கேட்டுப் பார்மின். அவர் கூறும் விடையைப் பதிவேட்டுடன் ஒப்பிடுமின். வேறுபாடு காணின், அங்கிருந்து நும் பணி தொடங்குக.