நெய்க்குள் ஒளிந்த எள்

தமிழாசிரியனுக்கு நெய்யோடு என்ன வழக்கு என அன்பர்கள் வினவக்கூடும். வழக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மகப்பேற்றுக்கு வந்திருந்த என் தங்கைக்காக வத்தேகமக் கடைத்தெருவில் இந்திய நெய் என்று விற்கப்பட்டதொன்றை வாங்கினேன். உருக்கியபோது ஐயம் பிறந்தது. நம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அன்று அவர் கற்பித்ததே இக்கட்டுரை.

தாவர எண்ணெயில் நிக்கலின் துணையால் ஐதரசன் வாயுவைச் சேர்த்து உறையச் செய்வது வனஸ்பதி. தோற்றத்தில் அது நெய்யை ஒத்தது. விலையிலோ மிகக் குறைந்தது. கலப்படக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அதற்கு நிறமூட்டுக என்று இந்தியாவில் நெடுநாள் கிளர்ச்சி நடந்தது. எளிதில் அகற்ற முடியாத, தீங்கற்ற நிறம் வாய்க்கவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இடப்பட்டது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் 1955இல் வகுக்கப்பட்ட விதிகள், வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கேனும் நல்லெண்ணெய் இருத்தல் வேண்டும் என்றன. செருமனி 1897இலேயே மாஜரீனுக்கு இத்தகைய விதி செய்திருந்தது.

நல்லெண்ணெய் ஏன்? எள்ளுக்கே உரிய செசமோலின் என்னும் பொருள் அமிலத்தில் சிதைந்து செசமோல் ஆகும். அது பர்பியூரலோடு கூடிச் செந்நிறம் தரும். உருக்கிய நெய்யில் 5 மில்லிலீற்றர் எடுத்து, அதே அளவு செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலமும் சில துளி பர்பியூரல் கரைசலும் சேர்த்து, இரு நிமிடம் குலுக்கி நிறுத்துக. அடியில் தங்கும் அமிலம் சிவந்தால், நீர் ஊற்றி மறுபடி குலுக்குக. சிவப்பு நிலைத்தால் எள் உண்டு; மறைந்தால் இல்லை. இது பௌடுயின் சோதனை எனப்படும். சில செயற்கைச் சாயங்கள் அமிலத்தில் தாமே சிவக்குமாதலால், பர்பியூரல் இன்றியும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

என் நெய் சிவக்கவில்லை. நான் மகிழ்ந்தேன்; நண்பர் மகிழவில்லை. எள் சேராத பாமெண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ கலந்திருந்தால் இச்சோதனை வாய் திறவாது என்றார். அடையாளம் இடப்பட்ட பொருளைத்தான் அடையாளம் காட்டும்! 2006இல் இந்தியா, பெற்றோலிற் கலப்பதைப் பிடிக்க மண்ணெண்ணெயில் இரகசிய இரசாயனம் இட்டது. அதுவும் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. நெய்யின் சொந்தச் சான்று அதிலுள்ள பியூற்றிரிக் அமிலம் முதலியவை; அவற்றை வடித்து அளப்பது றைக்கேட் சோதனை. அதற்குரிய கருவி எங்களிடம் இல்லை.

அந்நெய்யைத் தங்கைக்குக் கொடுக்கவில்லை. விளக்குக்கு ஊற்றவும் என் தாயார் இசையவில்லை.