குட்டை மீன் பிடிப்பும் வலையாட்களின் வேலையும்

நெல்லறுப்பில் ஒரு நாள் தாமதித்தால் சிறிது மணி உதிரும். மீன் பிடிப்பிலோ ஒரு காலைப்பொழுது தவறினும் பத்து மாதப் பாடு கெட்டுப்போகக்கூடும். கட்லா, ரோகு, மிருகால் என்னும் பெருங்கெண்டைக் குஞ்சுகளை ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை விட்டு, தவிடும் பிண்ணாக்கும் இட்டு, அவை ஏறக்குறைய ஒரு கிலோ எடை காணுமளவும் காத்திருக்கும் மிராசுதாரர்கள், பிடிக்கும் நாளை மாத்திரம் வலையாட்களிடம் ஒப்புவித்துக் கரைமேல் நின்று பார்ப்பது வழக்கமாயிருக்கிறது. இது சரியன்று. நீரில் இறங்குவோர் செய்யும் வேலை இன்னதென்று நிலத்துக்குடையவர் அறிந்திருத்தல் அவசியம்.

முற்காலத்தில் மீன் குஞ்சுகளை ஆற்றிலே அரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1957-ஆம் வருஷம் ஒரிசாவைச் சார்ந்த அங்குலில் டாக்டர் ஹீராலால் சௌதுரி என்பார், பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பின்னரே, பொரிப்பகக் குஞ்சுகள் எளிதிற் கிடைக்கலாயின. அதனால் வயலோரங்களிலும் குட்டைகள் பெருகின. எனினும் ஏரியிற் பழகிய வலையாளுக்குக் குட்டை வேலை சற்று வேறானது.

பிடிப்பதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த மீன் விரைவில் அழுகும். திருட்டுக்கு அஞ்சிப் போட்டு வைத்த முள்ளுக்கிளைகளை எடுத்துவிட்டு, நீரை இடுப்பளவாக இறைத்துக் குறைத்தல் நலம். இறைத்து முடிந்தபின் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. மெயின் சுவிச்சை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றி, சொந்தக்காரரே தம் மடியில் வைத்துக்கொள்ளல் வேண்டும். தோலுரிந்த கம்பி ஒன்று நீரைத் தொட்டிருக்குமாயின், உள்ளே நிற்கும் எட்டுப் பேரும் மாண்டுபோக ஒரு நொடி போதும். இதில் தாட்சணியம் கூடாது.

வலை, குட்டையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமிருக்கட்டும். இரு கரையிலும் கயிறு பிடிப்போர் சமமாக, மெதுவாக இழுத்து வரவேண்டும். மிகுந்த சாமர்த்தியம் வேண்டுவது அடிக்கயிற்றைக் காலால் மிதித்து வருவோர் வேலையே. மிருகால் சேற்றில் பதுங்கி, கயிறு சிறிது தூக்கினும் அடியில் நழுவிப்போகும். வெள்ளிக்கெண்டையோ மிதவைக்கு மேலே துள்ளித் தாண்டும். ஆகையால் ஒரே இழுப்பில் எல்லாம் வந்துவிடவில்லையென்று ஆட்களைக் கடிந்து பயனில்லை. நீரை மேலும் குறைத்து, இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியதே.

விடியற்காலையே ஏற்ற சமயம். வெயிலுக்கு முன் மீன் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். ஆனால், பெரியனவற்றை மாத்திரம் எடுத்து மற்றவற்றை விட்டுவைக்கக் கருதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைகறையில் நீரிலுள்ள பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுவாங்கக் காணின், வெயில் சற்று ஏறும்வரை வலையை இறக்கலாகாது. அந்நேரத்தில் சேற்றைக் கலக்கினால் விட்டுவைத்த மீனும் செத்து மிதக்கும்.

கரையேறிய மீனைச் சுத்தமான நீரில் அலசி, எடைக்கெடை நொறுக்கிய பனிக்கட்டியை அடுக்கடுக்காக இட்டுப் பெட்டியில் நிரப்பவேண்டும். பனிக்கட்டி வண்டி வந்து சேருமுன் வலையிறக்குவோர் பலர். யான் நேரிற் கண்ட ஒரு குட்டையில், வண்டி வரத் தாமதித்தமையால் மீன் வெயிலிற் கிடந்து கண் குழிந்து, செவுள் நிறம் மங்கிவிட, வியாபாரி விலையைப் பாதியாக்கிவிட்டார். பெட்டிகள் நிழலில் வந்திறங்கிய பின்னரே முதல் இழுப்பு நடக்கட்டும்.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடைக்கு இவ்வளவென்று பேசினால் ஆட்கள் அவசரப்படுவர். மீன் மிதிபட்டுச் செதில் உரியும். நாட்கூலியும், மீன் காயமின்றிக் கரை சேர்ந்தால் சிறிது மேற்கூலியும் தருவதே எமது அபிப்பிராயத்தில் சிறந்தது. அதிகாலை முதல் நீரில் நிற்போருக்குச் சூடான ஆகாரமும் கொடுத்தல் வேண்டும்.

அடிக்கயிறு மிதிப்போர் கால் கிளிஞ்சலிலும் உடைந்த புட்டியிலும் அறுபடும். மீனைத் தரம் பிரிக்கும் பெண்களின் கையைக் கெளுத்தி முள்ளும் ஜிலேபிக்கெண்டையின் முதுகுமுள்ளும் குத்தும். இக்காயங்களை உடனே சோப்பிட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் தனுர்வாத ஊசி பற்றி விசாரிக்கவேண்டும். வேலை செய்தவர்களில் எவருக்கேனும் அடுத்த சில வாரங்களுக்குள் கடுஞ்சுரமும் கெண்டைச்சதை நோவும் கண்டால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கைம்மருந்தில் நாளைக் கழியாமல், குட்டை நீரில் நின்றவர் என்பதை வைத்தியரிடம் சொல்லிக் காட்டும்படி, கிராம அதிகாரிகள் அவர்கள் வீட்டாருக்கு முன்னதாகவே தெரிவித்து வைக்கவேண்டும்.