மூன்றே வாக்கியங்கள்

அன்புள்ள நிலா,

வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளரின் வாராந்திரச் சந்திப்பை முழுவதும் பார்த்துவிட்டு, "அந்த மனிதர் எதையுமே சொல்லவில்லையே பெரியப்பா, அப்படி ஒரு பதவி எதற்கு?" என்று எழுதியிருக்கிறாய். நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் நான். அதனால் உன் கேள்வியை என்னால் லேசாக விட முடியவில்லை.

முதலில் பெய்ஜிங்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1982 மார்ச் 24 அன்று சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் தாஷ்கண்டில் பேசினார். பேச்சில் சீனாவைத் தாக்கினார். அதே பேச்சில், உறவைச் சீராக்கலாம் என்றும் சொன்னார். 1969-இல் எல்லையில் சுட்டுக்கொண்ட இரண்டு நாடுகள் அவை. சீனா என்ன பதில் சொல்வது? கோபித்தால் கதவு மூடிவிடும், மகிழ்ந்தால் விலை குறைந்துவிடும். இரண்டு நாள் கழித்து, அமைச்சகக் கட்டிடத்தின் முன்கூடத்துக்கு நிருபர்களை அழைத்தார்கள். நாற்காலி இல்லை, எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தித் துறைத் தலைவர் சியான் சிச்சென் மூன்றே வாக்கியங்கள் வாசித்தார். பேச்சில் சீன-சோவியத் உறவு பற்றி வந்த பகுதியைக் கவனித்தோம். சீனா மீதான தாக்குதலை உறுதியாக நிராகரிக்கிறோம். சோவியத்தின் செயல்களுக்கே முக்கியத்துவம் தருகிறோம். அவ்வளவுதான். கேள்விகளுக்கு இடமில்லை.

அந்த முதல் வாக்கியத்தைத் திரும்பப் படி. 'கவனித்தோம்' என்பதில் வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் அத்தனை பெரிய பேச்சில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக் கவனித்தோம் என்றதே ஒரு செய்தி. மூன்றாவது வாக்கியம் கதவை ஒருக்களித்து வைத்தது. அந்த ஆண்டே பேச்சுவார்த்தை தொடங்கியது. 1989-இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் பெய்ஜிங் வந்தார். அன்று வாசித்த சியான் பிறகு வெளியுறவு அமைச்சரானார். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த இளைஞர் லீ சாவ்சிங்கும் பின்னாளில் அதே நாற்காலிக்கு வந்தார்.

நம் டெல்லிக்கு வருவோம். தொடர்பாளர் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி. வெளிநாட்டு விளம்பரத்துக்கான பிரிவு அவர் பொறுப்பில் இருக்கும். மேடையில் பேசுவது அவர் வேலையில் சின்னப் பகுதிதான். அன்று என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து, அந்தந்த நாட்டைக் கவனிக்கும் பிரிவுகளிடமிருந்து பதில் வாங்கி, ஒவ்வொரு வரியையும் ஒப்புதலோடு கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். ராமேஸ்வரம் மீனவர்கள் பற்றி ஒரு நிருபர் கேட்டால், அந்தப் பதிலுக்குப் பின்னால் இந்தியப் பெருங்கடல் பிரிவு இருக்கிறது, கொழும்புத் தூதரகம் இருக்கிறது, யாழ்ப்பாணத் துணைத் தூதரகம் இருக்கிறது. சொந்தக் கருத்துக்கு அங்கே இடமே இல்லை.

மீனவர் விஷயத்தையே எடுத்துக்கொள். கைது நடந்தால் 'இலங்கை அரசிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்' என்பது வழக்கமான சொல். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் ஐந்து மீனவர்கள் காயமடைந்தார்கள். அன்று சொல் மாறியது. இலங்கையின் பொறுப்புத் தூதரை அமைச்சகத்துக்கு வரவழைத்து, 'கடும் எதிர்ப்பு' தெரிவித்தார்கள். எந்தச் சூழலிலும் பலப்பிரயோகத்தை ஏற்க முடியாது என்றார்கள். எடுத்துச் சொல்வது ஒரு படி, கவலை ஒரு படி, எதிர்ப்பு இன்னொரு படி. எந்தப் படியில் கால் வைக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் எல்லாம் ஒரே வளவளப்பாகக் கேட்கும்.

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. ஒரு நாடு 'வருந்துகிறோம்' என்றதை 'மன்னிப்புக் கேட்டது' என்று தலைப்புப் போட்டேன். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். திருத்தத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? வருத்தம் நடந்ததைப் பற்றியது, மன்னிப்பு குற்றத்தை ஏற்பது. அந்த இடைவெளிக்காகத்தான் இரண்டு தலைநகரங்களில் ஆட்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்.

பாகிஸ்தானோடு வான்மோதல் நடந்த 2019 பிப்ரவரி 27-ஐ உனக்கு நினைவிருக்காது, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தொலைக்காட்சிகள் கத்திக்கொண்டிருந்தன. தொடர்பாளர் ரவீஷ் குமார் வந்து சுருக்கமாக வாசித்தார்: ஒரு மிக்-21 விமானத்தை இழந்துவிட்டோம், விமானியைக் காணவில்லை, தங்கள் காவலில் இருப்பதாகப் பாகிஸ்தான் சொல்கிறது, உண்மையை அறிய முயல்கிறோம். இழந்தது உறுதி, அதனால் நேராகச் சொன்னார். காவலில் இருப்பது இன்னும் உறுதியில்லை, அதனால் சொன்னவர் பெயரோடு சொன்னார். பதற்றமான ஒரு நாளில் தெரிந்ததையும் தெரியாததையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனாலும் இந்த முறையில் எனக்கு ஆறாத ஒரு மனக்குறை உண்டு. 2014 ஜூனில், இராக்கின் மோசுலில் 40 இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டதை அன்றைய தொடர்பாளர் சையது அக்பருதீன் அறிவித்தார். ஒருவர் தப்பி வந்து, மற்றவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்றார். ஆதாரம் இல்லாமல் இறந்ததாக அறிவிக்க மாட்டோம் என்றே அரசு சொல்லிவந்தது. 2018 மார்ச் 20 அன்றுதான், மரபணுச் சோதனைக்குப் பிறகு, 39 பேரும் இறந்ததாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் முழுக்க, 39 வீடுகளில் ஒவ்வொரு அறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். 'உறுதியாகவில்லை' என்பதை ஒரு தாய் எப்படிக் கேட்பாள் என்று மேடையில் நிற்பவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரச் சந்திப்பைப் பார்க்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு உட்கார். ஒரே ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்து, சொல்லுக்குச் சொல் எழுதி, நீயே தமிழாக்கி எனக்கு அனுப்பு. எந்தச் சொல்லில் தடுமாறினாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா