சட்டத்தை விளங்க வைத்தவர்

மாணவர்களே, ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1774-ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று இலண்டன் டேட் ஓவியக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. அதில் இருப்பவர் ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன். அப்போது அவர் நீதிபதி. ஆனால் அவரது இளமைத் துயரை அவ்வோவியம் சொல்லாது.

அவர் 1723-இல் இலண்டனில் பிறந்தார். பட்டு வணிகரான தந்தை, மகன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமனின் ஆதரவு அவரது கல்விக்குத் துணை நின்றது.

வழக்கறிஞராக அவர் பெரிதாக ஒளிரவில்லை. ஆசிரியராகவே புகழ் பெற்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் உரோமானியச் சட்டமே நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டது. மக்களின் அன்றாட வாழ்வை ஆண்ட ஆங்கிலச் சட்டத்துக்கு அங்கு இடமில்லை. 1753-இல் பிளாக்ஸ்டோன் அதனைக் கற்பிக்கத் தொடங்கினார். 1758-இல் அதற்கென அமைந்த வைனர் பேராசிரியர் பதவியை முதன்முதலில் ஏற்றார்.

அவ்வுரைகள் 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. சிதறிக் கிடந்த சட்டத்தை அவர் வகைப்படுத்தித் தெளிந்த நடையில் எழுதினார். சட்டம் பயிலாதவரும் அந்நூலைப் படித்தனர். பள்ளிக்கல்வி மிகக் குறைவாகவே பெற்ற ஆபிரகாம் லிங்கன், அமெரிக்காவில் அந்நூலைத் தாமே பயின்று வழக்கறிஞரானார்.

எனினும், அவரை எல்லோரும் போற்றவில்லை. அவரிடம் பாடம் கேட்ட ஜெரமி பெந்தம், சட்டத்தின் குறைகளைத் திருத்த முனையாமல் அதனைப் புகழ்கிறார் என 1776-இல் கடுமையாக எழுதினார். சட்டத்தை விளக்குவது ஒரு பணி. அது நேர்மையானதா எனக் கேட்பது மற்றொரு பணி. இரண்டும் வேண்டும். விளங்காத ஒன்றை எவ்வாறு திருத்த இயலும்?

பிளாக்ஸ்டோன் 1780-இல் மறைந்தார். ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் அவருக்குப் பளிங்குச் சிலை உண்டு. வாஷிங்டன் நகரில் நிற்கும் வெண்கலச் சிலையின் கையில் அவரது நூலும் இருக்கிறது. அந்நூலே அவரது உண்மையான உருவம்.

அருஞ்சொற்பொருள்
பயின்று – கற்று
முனையாமல் – முயலாமல்
இயலும் – முடியும்

விடை எழுதுக
1. ஆக்ஸ்போர்டில் பிளாக்ஸ்டோன் கொணர்ந்த மாற்றம் யாது?
2. பெந்தம் அவரை ஏன் குறை கூறினார்?
3. ‘அந்நூலே அவரது உண்மையான உருவம்’ – இத்தொடரை விளக்குக.

செயல்பாடு
உங்கள் பள்ளி விதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இளைய மாணவருக்குப் புரியுமாறு ஐந்து வரிகளில் தமிழில் விளக்குக. அவ்விதி நேர்மையானதா என்பதற்கு ஒரு காரணம் கூறுக.